இடிகல்லும் அம்மியும் மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சட்னியில் மண் கடிக்கிறது. இஞ்சி நசுங்காமல் வழுக்குகிறது. ஏலக்காய் தட்டினால் பூண்டு மணக்கிறது. கழுவின தண்ணீர் கறுப்பாகப் போகிறது. இத்தனைக்கும் எல்லோரும் சொல்லும் ஒரே மருந்து, "அரிசியைப் போட்டு அரைச்சுக் கொட்டுங்க". பாதி நேரம் அது சரிதான். மீதி நேரம் அரிசிதான் வீண். கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம்: கல்லின் ரகத்தில், அதன் கொத்தில் (அரைபடுவதற்காக உளியால் போட்ட சின்னக் குழிகளில்), அல்லது உள்ளே தங்கிய ஈரத்தில். ரகமே தப்பு என்றால் வைத்தியம் கிடையாது, வாங்கின இடத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். மற்ற இரண்டையும் பெரும்பாலும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

இங்கே இடிகல் என்று சொல்வது இஞ்சி, பூண்டு, மிளகு தட்டுகிற சின்னக் கல்லுரலை. அம்மியும் ஆட்டுக்கல்லும் பெரியவை என்றாலும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றேதான். மாறுகிற இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எதற்கும் முன்னால்: அது என்ன கல்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கீழே உள்ள எதையும் செய்ய வேண்டாம். கருங்கல்லுக்கு மருந்தாகிற எலுமிச்சை மார்பிளை அரித்துவிடும்.

அடிப்பக்கத்தில், கண்ணில் படாத ஓர் இடத்தில், சமையல் கத்தியின் நுனியால் அழுத்திக் கீறுங்கள். கருங்கல் என்றால் கல்லில் கீறல் விழாது. கத்தியின் இரும்புதான் தேய்ந்து சாம்பல் நிறக் கோடாக நிற்கும், துடைத்தால் போய்விடும். மார்பிளில் கீறல் பதியும். மாக்கல்லில் நகத்தாலேயே கீறலாம். கல்சட்டி செய்யத்தான் அது லாயக்கு. குழம்பு கொதிக்க வைக்கலாம், மிளகு இடிக்க முடியாது.

அடுத்து, ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றை விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். மார்பிளில் அந்த இடம் மட்டும் பளபளப்பு செத்து மங்கியிருக்கும், சில நேரம் சின்னக் குமிழிகளும் தெரியும். கருங்கல்லுக்கு ஒன்றும் ஆகாது. வாங்கின இடிகல்லில் ஒரு பகுதி மட்டும் குமிழி விட்டால், அந்த இடத்தில் பள்ளத்தை சிமெண்டும் கல்தூளும் வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, தண்ணீர். காய்ந்த கல்லின் உள்பக்கம் ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றுங்கள். நல்ல கல்லில் தண்ணீர் நிற்கும், உறிஞ்சுவது மெதுவாகத்தான் நடக்கும். ஊற்றின கையோடு குடித்துவிட்டு விளிம்பு வரை கறுத்துப் போனால் அது துளை அதிகம் உள்ள கல், அல்லது கலவையில் வார்த்தது.

கணக்கு பிடித்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கருங்கல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ இருக்கும். சிமெண்ட் கலவை 2.2 முதல் 2.4 வரைதான் வரும். ஒரு வாளியை விளிம்பு வரை நிரப்பிக் கல்லை மெதுவாக இறக்குங்கள். வழிகிற தண்ணீரைப் பிடித்து அளந்து, கல்லின் எடையை அந்த லிட்டரால் வகுத்தால் உண்மை வெளியே வந்துவிடும்.

பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லைப் புவியியலாளர்கள் சார்னோக்கைட் என்பார்கள். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறை மேல் கிடப்பதும் அந்த ரகம்தான், பெயரும் அவரிடமிருந்து வந்ததுதான். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கடினமான தாதுக்கள் நெருக்கமாகக் கோத்த கல் என்பதால் கத்தி இறங்காது. நம் ஊரில் நல்ல கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை, மார்பிள் இடிகல்லுக்குப் பணம் கொடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. மாத்திரை பொடிக்க வேண்டுமானால் ஆகும்.

அறிகுறி: கழுவக் கழுவக் கறுப்பாக வருகிறது

உளி பட்ட கருங்கல் காய்ந்திருக்கும்போது வெளிறிய சாம்பல் நிறத்தில்தான் இருக்கும், நனைந்தால்தான் கறுக்கும். ஆகவே, கடையில் காய்ந்த நிலையிலேயே உள்ளும் புறமும் ஒரே மை நிறத்தில் மின்னுகிற சொரசொரப்பான கல்லைப் பார்த்தால், மேலே ஏதோ பூசியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கருங்கல்' என்றால் கறுப்பாக இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் எதிர்பார்ப்பதால் வந்த வினை இது.

பஞ்சில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு உள்பக்கம் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். பஞ்சு கறுத்தால் பூச்சு. கறுக்காமல் வெறும் சாம்பல் தூள் ஒட்டினால் அது உளித்தூள், அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

பூச்சை எடுக்க வெதுவெதுப்பான தண்ணீர், சீயக்காய்த் தூள், தேங்காய் நார் போதும். பிடிவாதமாக இருந்தால் இந்த ஒரு தடவை மட்டும் பாத்திரம் கழுவும் சோப்பு போடலாம். கழுவி, காயவைத்து, மறுபடி எண்ணெய்ப் பஞ்சு. இரண்டு மூன்று முறைக்குப் பிறகும் பஞ்சு அதே கறுப்பில் வந்தால் அது எண்ணெய் மை அல்ல, பெயின்ட். அந்தக் கல்லில் சாப்பாட்டுச் சாமான் அரைக்காதீர்கள்.

அறிகுறி: அரைத்ததில் மண் கடிக்கிறது

எப்போதிலிருந்து என்பதுதான் முதல் கேள்வி. புதுக்கல்லில், அல்லது கொத்தி வந்த பழைய கல்லில் கடித்தால் அது இயல்பு. உளிக்குழிகளுக்குள் கல்தூளும், பாதி உடைந்து பாதி ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்குகளும் இருக்கும். அவற்றை வெளியேற்றுவதைத்தான் கல்லைப் பழக்குவது என்கிறோம்.

முதலில் தேங்காய் நாரால் வெறும் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். தண்ணீர் தெளிகிறவரை தேய்த்து ஒரு நாள் வெயிலில் வையுங்கள். பிறகு ஒரு கைப்பிடி பச்சரிசியும் அரைக் கைப்பிடி கல் உப்பும் போட்டு, இடிக்காமல், குழவியைச் சுற்றிச் சுற்றி அழுத்தி அரையுங்கள். விளிம்பு வரை கொண்டுபோக வேண்டும். பலரும் நடுக்குழியோடு நிறுத்திவிடுகிறார்கள், பின்னால் சட்னி விளிம்பில் ஏறும்போது அங்கிருந்து மண் இறங்குகிறது. பொடி சாம்பல் நிறமாக வரும். கொட்டுங்கள். மறுபடி போடுங்கள். வெள்ளையாக வருகிறவரை இதே வேலைதான்.

அதோடு நின்றால் பாதிதான் முடிந்தது. உலர்ந்த அரிசி குழிகளின் வாயைத்தான் துடைக்கிறது. அடுத்து, ஊறவைத்த அரிசியைத் தண்ணீர் தெளித்து மையாக அரையுங்கள். அந்த மாவு குழிக்குள் புகுந்து தூளை இழுத்து வரும். குழவியின் தலைக்கும் இதே உபசாரம் தேவை. கல்லை மட்டும் பழக்கிவிட்டுக் குழவியை மறந்தால் மண் குழவியிலிருந்து வரும்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அரைத்த மாவை ஒரு கிண்ணத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, அரிசி அரிக்கிற மாதிரியே சுழற்றிச் சுழற்றி மேல் தண்ணீரைச் சாய்த்து ஊற்றுங்கள். மாவு தண்ணீரோடு போய்விடும், கல்துணுக்கு அடியில் தங்கும். கடைசியில் மிஞ்சுவதை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். நெருடினால் இன்னொரு சுற்று. நெருடாவிட்டால், பூண்டு, சீரகம், ஒரு துண்டு முற்றின தேங்காய் வைத்து ஒரே ஒரு தடவை அரைத்து அதையும் கொட்டிவிட்டு மறுநாள் முதல் சமையலுக்கு எடுக்கலாம். கொட்டுகிற அரிசி மாவை மாட்டுத் தொட்டியில் போடாதீர்கள், உப்பும் கல்லும் கலந்தது. உப்புச் சேராத ஈர மாவில் வாசலில் மாக்கோலம் போடலாம்.

எண்ணெய் பூச வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். இரும்புத் தோசைக்கல்லுக்கு எண்ணெய் சூட்டில் படலமாக இறுகும். இங்கே சூடு இல்லை. குழிக்குள் தங்கின எண்ணெய் சில வாரத்தில் சிக்கு வாடை பிடிக்கும், அவ்வளவுதான் லாபம்.

இனி, இத்தனை சுற்றுக்குப் பிறகும் மண் நிற்கவே இல்லை என்றால், பிரச்சினை பழக்குவதில் இல்லை. கல் மிருது, அல்லது அடைப்புக் கலவை உதிர்கிறது. கத்திச் சோதனைக்குத் திரும்பிப் போங்கள்.

வருடக்கணக்கில் நன்றாக இருந்த கல்லில் திடீரென்று மண் கடித்தால் முதலில் கல்லைச் சந்தேகிக்க வேண்டாம். சீரகம், தனியா, கல் உப்பு இவற்றிலேயே மண் இருக்கலாம். அதை அரித்துப் பாருங்கள். அது சுத்தம் என்றால், விளிம்பில் புதிதாகச் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

அறிகுறி: வழுக்குகிறது, நசுங்குகிறது, அரைபட மாட்டேன் என்கிறது

புதுக்கல் என்றால் கடைக்காரர் உள்பக்கமும் பாலிஷ் போட்டுக் கொடுத்திருப்பார். வெளியே பாலிஷ் அழகு. உள்ளே அது வேலைக்கு ஆகாது, மிளகு உருண்டு ஓடும். வாங்கும்போதே விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். கண்ணாடியாக இருந்தால் வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால், ஒரு பிடி ஆற்று மணலும் தண்ணீரும் போட்டுக் குழவியால் அழுத்தி அரைமணி நேரம் ஆட்டுங்கள். மணலிலுள்ள குவார்ட்ஸ் பாலிஷை மழுக்கி மங்கலான பிடிமானத்தைக் கொடுக்கும். ஈரமாகவே செய்யுங்கள். பிறகு முன்னே சொன்ன பழக்கும் வேலை முழுவதையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். அதற்குச் சோம்பினால் மணலைத் தொடாதீர்கள்.

பழைய அம்மி வழுக்கினால் கொத்து தேய்ந்திருக்கிறது. 'அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ' என்று தெருவில் கூவி வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் வேலை அழிந்துவிடவில்லை. கிரைண்டர் பழுது பார்க்கும் கடைகளில் கேளுங்கள், கிரைண்டர் கல்லுக்கும் இதே கொத்துதான் என்பதால் ஆள் தெரிந்திருக்கும். மாமல்லபுரம், திருமுருகன்பூண்டி மாதிரிச் சிற்ப வேலை நடக்கும் ஊர்ப்பக்கம் இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை.

கொத்தச் சொல்லும்போது இரண்டு விஷயம். குழி கடுகளவு, நெருக்கமாக, எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஆழமாகக் கொத்தினால் நாள்பட வரும் என்று நினைப்பார்கள். ஆழக்குழியில் மசாலா தங்கி நாறுவதுதான் நாள்பட வரும். இரண்டாவது, கொத்துகிறவரிடம் கல்லை நனைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். உலர்ந்த கல்தூளை நாள் முழுக்க மூச்சில் இழுப்பது சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோயில் கொண்டுபோய் விடும். அந்த நோய்க்குத் தீர்வு கிடையாது. நீங்களே உளி எடுத்தாலும் இதே விதிதான்.

கொத்து நன்றாக இருந்தும் அரைபடவில்லையா? அப்போது பொருத்தம் பாருங்கள். குழியின் உள்பக்கம் மஞ்சள்தூள் கரைசலை மெல்லப் பூசிக் காய்ந்த குழவியைச் சுற்றுங்கள். குழவித் தலையில் மஞ்சள் பரவலாக ஒட்டினால் வளைவு பொருந்துகிறது. ஓரத்தில் ஒரு வளையமாக மட்டும் ஒட்டினால் குழவி குழிக்குள் உட்காரவில்லை, அடியில் கிடக்கும் சாமானைத் தொடவே தொடாது. இதைக் கொத்திச் சரிசெய்ய முடியாது, வேறு குழவிதான் தேட வேண்டும்.

அம்மியில் இன்னொரு காரணம், தண்ணீரும் வரிசையும். எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்துத் தண்ணீரை ஊற்றினால் குழவி மிதக்கும். மிளகாய், சீரகம், உப்பு முதலில். உப்புக்கல்லே மிளகாய்த் தோலைக் கிழிக்க உதவும். பிறகு இஞ்சி, பூண்டு. பிறகு தேங்காய். சின்ன வெங்காயம் கடைசி, அது விடும் தண்ணீரே போதும். நடுவில் தேவைப்பட்டால் விரலால் தெளிப்பது மட்டும்தான்.

அறிகுறி: மிளகு தெறிக்கிறது, விரல் முட்டி இடிபடுகிறது

இரண்டுமே பெரும்பாலும் அளவுக் கோளாறு. குழி ஆழம் குறைந்தது 6, 7 சென்டிமீட்டர் வேண்டும். குழவியை உள்ளே நிறுத்தினால் உங்கள் முழு முஷ்டி விளிம்புக்கு மேலே நிற்க வேண்டும். வெளி அகலம் 15, உயரம் 12 சென்டிமீட்டர் உள்ள கருங்கல் இடிகல் நாலரைக் கிலோவை ஒட்டி வரும். அதற்கு ரொம்பக் குறைந்தால் இடிக்கும்போது கல்லே துள்ளும்.

இருக்கிற கல்லோடு சமாளிக்க: உயர்த்திக் குத்தாமல் முதலில் அழுத்தி உடைத்து, பிறகு சுற்றுங்கள். ஒரு சிட்டிகைக் கல் உப்பு சேர்த்தால் மிளகு அவ்வளவு ஓடாது. அந்தக் காலத்து உரல் வாயில் தானியம் சிதறாமலிருக்கக் குந்தாணி வைத்ததுபோல, அடிப்பாகம் வெட்டின பிளாஸ்டிக் டப்பா ஒன்றை விளிம்பில் மாட்டிக்கொள்ளலாம். பார்க்க நன்றாக இருக்காது, வேலை செய்யும்.

அறிகுறி: நேற்றைய வாசனை இன்றும் வருகிறது

எந்த வாசனை என்று மூக்கை வைத்துப் பாருங்கள்.

பூண்டு, மீன் மசாலா என்றால் கழுவியது போதவில்லை. அரைத்த கையோடு கழுவ வேண்டும், காய்ந்த பிறகு குழியிலிருந்து எடுப்பது கஷ்டம். ஒரு பிடி அரிசியும் எலுமிச்சைத் தோலும் வைத்து அரைத்து, கழுவி, வெயிலில் வைத்தால் போய்விடும். மார்பிள் கல்லுக்கு எலுமிச்சை வேண்டாம், அரிசி மட்டும். ஏலக்காய், சுக்கு, கிராம்பு தட்டத் தனியாக ஒரு சின்னக் கல் வைத்துக்கொள்வது இதற்கெல்லாம் மேல். பாயசத்தில் பூண்டு வாடை வந்தால் சாப்பிடுகிறவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

சோப்பு வாசனை என்றால் திரவச் சோப்பு குழிகளில் தங்கியிருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரைக் குழி நிறைய ஊற்றிக் கால்மணி நேரம் விட்டுக் கொட்டுங்கள், சில தடவை. பிறகு அரிசி. இனிமேல் சோப்பு வேண்டாம். எண்ணெய்ப்பசை உள்ளது அரைத்த அன்று மட்டும் கடலை மாவோ சீயக்காயோ போட்டுத் தேய்த்தால் போதும். கொதிக்கிற தண்ணீரைச் சில்லென்ற கல்லில் ஊற்றாதீர்கள், அடுப்பு மேல் வைத்துக் காய்ச்சவும் வேண்டாம். கருங்கல்லில் உள்ள தாதுக்கள் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை, உள்ளே நுண்விரிசல் விடும்.

முடை நாற்றம், அல்லது மூலையில் பஞ்சு மாதிரி பூசணம் என்றால் ஈரத்தோடு மூடி வைத்திருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இது சகஜம். தேய்த்துக் கழுவி, கருங்கல் என்றால் வினிகர் தடவி ஊறவிட்டு அலசி, முழுதாகக் காயும்வரை வெயில். வெயில் இல்லாத நாளில் மின்விசிறிக்குக் கீழே. குழவியைக் கல்லுக்குள்ளேயே நிறுத்தி வைக்கிற பழக்கத்தை விடுங்கள், அதன் தலைக்கு அடியில்தான் ஈரம் காயாமல் நிற்கிறது. பக்கத்தில் படுக்க வையுங்கள். அலமாரிக்குள் இடம் இல்லாதவர்கள் கல்லைக் கவிழ்த்து, ஒரு ஓரத்தில் குச்சி கொடுத்துக் காற்றுப் போக விடலாம்.

அறிகுறி: கறை

மஞ்சள் கறை கெடுதல் இல்லை. இரண்டு மூன்று நாள் வெயில் பட்டால் தானே வெளுக்கும். சோப்பு போட்டதும் மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறினால் பதற வேண்டாம். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே வினைதான். சோப்பின் காரம் அலசிப் போனால் மஞ்சள் திரும்பிவிடும்.

துருப்புள்ளி வந்தால், கம்பி நார் போட்டீர்களா என்று யோசியுங்கள். அதன் துணுக்கு குழியில் மாட்டித் துருப்பிடிக்கும். எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்த்தால் போய்விடும். அதே இடத்தில் மறுபடி மறுபடி வந்தால் அது கல்லிலேயே உள்ள இரும்புத் தாது, விட்டுவிடலாம். வெள்ளைப் படலம் போர்த் தண்ணீர் உப்பு. கருங்கல்லில் வினிகர் எடுத்துவிடும். மார்பிளில் படலத்தோடு கல்லும் போகும் என்பதால் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி: விரிசல் மாதிரி ஒரு கோடு

கருங்கல்லில் இயற்கையான நிற வரிகள் உண்டு, எல்லாக் கோடும் விரிசல் அல்ல. கல்லை நன்றாக நனைத்து, மேலே துடைத்துவிட்டு, காயும்போது கவனியுங்கள். மற்ற இடமெல்லாம் வெளுத்த பிறகும் ஒரு கோடு மட்டும் கறுப்பாக நின்றால் அங்கே தண்ணீர் இறங்கியிருக்கிறது, அது விரிசல். தட்டினால் கணீர் என்று வராமல் மொத்தென்று வந்தால் சந்தேகமே இல்லை. வாங்குவதற்கு முன்பே குழவியால் மெல்லத் தட்டிக் கேட்பது நல்லது, நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெளி விளிம்பில் சின்னச் சில்லு பெயர்ந்தால் கூர்முனையை உப்புத்தாளால் ஈரமாகத் தேய்த்து மழுக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். உள்குழியில் விரிசல் என்றால் ஓய்வு கொடுங்கள். எம்-சீல், அரால்டைட் வைத்து அடைக்கிற யோசனை வரும். இடிக்க இடிக்க அது உதிர்ந்து குழம்பில்தான் சேரும்.

அறிகுறி: கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுகிறார்

கல்லுக்கு அடியில் நாலாக மடித்த ஈரச் சாக்கு. சமையல் மேடையின் நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டிய மூலையில், கீழே தாங்குகல் உள்ள இடத்தில் வையுங்கள். நடுவில் வைத்து இடித்தால் மேடைப் பலகையே விரியலாம்.

அறிகுறி: கொல்லையில் பல வருடம் கிடந்த அம்மியை உள்ளே கொண்டுவர வேண்டும்

பாசியைத் தென்னந் துடைப்பத்தால் தேய்த்தெடுத்து, ஒரு வாரம் வெயிலில் போடுங்கள். கோடையில் செய்தால் இன்னும் நல்லது. பிறகு விரிசல் சோதனை. தேறினால் கொத்து, அதன் பின் பழக்குதல். குழவி தொலைந்துபோயிருந்தால் அம்மியின் அகலத்தை விடக் கொஞ்சம் நீளமானதாகத் தேடுங்கள், இரண்டு பக்கமும் கை பிடிக்க இடம் வேண்டும்.

ஆனால் அதற்கு முன் வீட்டில் பெரியவர்களிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: இந்தக் கல்லை இடையில் வேறெதற்காவது பயன்படுத்தினார்களா? கொல்லைக்குப் போன அம்மியில் எலி மருந்து நுணுக்கியிருப்பார்கள், வயலுக்கு மருந்து கரைத்திருப்பார்கள், பெயின்ட் டப்பா வைத்திருப்பார்கள். ஆமாம் என்று பதில் வந்தால், அல்லது யாருக்குமே தெரியவில்லை என்றால், அது துணி துவைக்கிற கல்லாகவே இருக்கட்டும். சமையலுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.